போய்க் கேட்க ஓர் ஆள்

பூனா பக்கம் பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டினேன். எழுபதுகளில் எங்கள் ஃபோர்மேன் ஒரு மராட்டியர். வாயைத் திறந்தால் வசவுதான். என்னை 'ஏ மத்ராசி' என்பார். என் பேர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் ஏதாவது வேண்டுமென்றால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். பனியனோடு வெளியே வருவார்.

"இங்கேயும் வந்துட்டியா? அங்க பாக்குற மூஞ்சி போதாதா?" என்று இந்தியில் கத்துவார். இரண்டொரு நாளில் கேட்டது நடந்துவிடும்.

என் மனைவிக்கு வாதம் வந்து வலது கை கால் விழுந்துபோனபோது அப்படித்தான் போய் நின்றேன். அதிலிருந்து எனக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும். காலையில் அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். பகலில் அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள். ராத்திரி நான்தான் கூட இருப்பேன்.

அவர் ரிட்டயர் ஆனார். அடுத்து வந்தவர் திட்ட மாட்டார். பேசவும் மாட்டார். நம் கையைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், போய்விடுவார்.

எண்பதுகளில் ஓர் இளம் மேனேஜர் வந்தார். பயிற்சி வகுப்புகளுக்கெல்லாம் போய் வந்தவர். தோளில் கை போடுவார். வாரம் ஒரு நாள் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார். இனி உத்தரவு கிடையாது, நீங்களே பேசி முடிவெடுங்கள் என்றார். ஒரு லீடரைத் தேர்ந்தெடுக்கவும் சொன்னார். மராட்டியர்களுக்குள் இரண்டு கட்சி. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரை லீடர் ஆக்கினார்கள். கிர்க்கியில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

தூரத்தில், தளேகாவில் கம்பெனி புது ஷெட் போட்டது. எங்களில் ஒருவர் போக வேண்டும். அங்கே நைட் ஷிஃப்டும் உண்டு. யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் மேனேஜர். அவர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அண்ணன் என் பேரைச் சொன்னார். வட்டத்தில் உட்கார்ந்து வீட்டுக் கதை பேச எனக்கு வரவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"வேற எவன் பேரச் சொன்னாலும், தன் ஊர் ஆளக் காப்பாத்திட்டான்னு சொல்லுவானுங்க தம்பி. இன்னா பண்றது? நீன்னா கோச்சிக்க மாட்ட."

"டீ குடிக்கிறீங்களா அண்ணே?"

"ஒரு சண்டையாவது போடேன்டா."

"சர்க்கரை கம்மியா போடவா?"

குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். உட்கார வைத்தார். பிஸ்கட் கொடுத்தார். மனைவி விஷயத்தைச் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் இது எல்லாரும் எடுத்த முடிவு, தான் மாற்றினால் வட்டத்துக்கு என்ன மதிப்பு என்றார். அடுத்த வாரம் வட்டத்தில் கேட்டேன். எல்லாரும் லீடரைப் பார்த்தார்கள். லீடர் மேனேஜரைப் பார்த்தார்.

வேலூரிலிருந்து அவள் தம்பி வந்தான், அவளை அழைத்துப் போக. பூனா ஸ்டேஷனில் தூக்கிப் போய்க் கீழ் பெர்த்தில் படுக்க வைத்தேன். அவளுக்குப் பேச்சு கொஞ்சம் குழறும்.

"உங்கள அங்க போவச் சொன்னது யாரு?"

"எல்லாரும் சேந்துதான்."

"போய்க் கேக்க ஒரு ஆளு இல்லியா?"

"இல்ல."

இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் இறங்கினேன்.