மூன்றாம் புள்ளியின் கிழிசல்

கடல் வணிகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. மிளகு போயிற்று, கறுவா போயிற்று, யானையும் முத்தும் போயின. சீனத்துப் பீங்கான் வந்தது, அரபு நாட்டுக் குதிரை வந்தது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பருவக்காற்றின் திசையும் மன்னர்கள் வாங்கிய சுங்கமும் தவறாமல் இடம்பெறுகின்றன. மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த ஒரு ஜாடியின் கழுத்தை அளந்து, அது இன்ன சூளையில் சுடப்பட்டது என்று நிறுவிவிடுகிறார்கள். அந்த ஜாடிக்குள் சரக்கை அடைத்து வாயைக் கட்டியவனைப் பற்றி ஒரு வரியும் நான் கண்டதில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கண்டவனல்லேன். படித்ததெல்லாம் ருவான்வெல்லை நூலகத்தின் தமிழ் அலுமாரியில். அதுவும் ஒரே அலுமாரி. அதிலிருந்த கப்பல் நூல்களை மூன்று முறை படித்ததற்குக் காரணம், நானும் கப்பலுக்குச் சரக்குக் கட்டியவன் என்பதுதான். எங்கள் தோட்டத்து இறப்பர் பெக்டரியில் முப்பது ஆண்டுகள் பேல் கட்டினேன். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது.

பேல் என்பது புகையிட்ட இறப்பர் ஷீட்டுகளை அடுக்கி, இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் பெருங்கட்டு. பேல்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும் ஆகையால், ஒவ்வொன்றின் மேனி முழுவதும் ஒரு வெள்ளை மாவுக் கரைசலைப் பூசுவோம். கரைசல் காய்ந்தபின், துளையிட்ட தகரத் தகட்டை வைத்துக் கறுப்பு மை தோய்த்த தூரிகையால் தட்டினால், தோட்டத்தின் குறி பதியும். எங்கள் குறி, ஒரு வைர வடிவமும் அதனுள் மூன்று புள்ளிகளும். நான் வேலைக்குச் சேர்ந்த முதலாண்டிலேயே தகட்டைக் கீழே போட்டு, மூன்றாவது புள்ளியின் ஓரத்தைக் கிழித்துவிட்டேன். அன்றுமுதல் எங்கள் பேல்கள் எல்லாம் இரண்டு புள்ளிகளோடும் வால் முளைத்த ஒரு புள்ளியோடும் கொழும்புக்குப் போயின. பெக்டரிக்குப் பொறுப்பான பெக்டரி ஐயா கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காலத்தில் ஒரு நாள், நாங்கள் அனுப்பிய பேல்களை ஏற்றிய கப்பல் தென்கரைக்கு அப்பால் மூழ்கிவிட்டது என்று செய்தி வந்தது. பெக்டரியில் நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, அத்தனையையும் மறுபடியும் கட்ட வேண்டுமா என்பதுதான். வேண்டாம் என்றார்கள். மறந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அந்தக் கப்பலின் சிதைவு பற்றி ஒரு கட்டுரை வந்தது. சுழியோடிகள் மேலே கொண்டுவந்த பொருள்களில் இரண்டு இறப்பர் பேல்களும் இருந்தன. அவை முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்தனவாம். பிரித்துப் பார்த்தபோது, நடுவில் கடல்நீர் படாத இடத்தில் ஒரு குறி தெரிந்ததாம். அந்தக் குறியின் படம் பெருவிரலளவில் அச்சாகியிருந்தது. வைரம், மூன்று புள்ளிகள், மூன்றாவதற்கு வால். படத்தின் கீழே ‘தோற்றம் அறியப்படவில்லை’ என்று போட்டிருந்தார்கள்.

நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மீண்டும் உட்கார்ந்து அந்த இரண்டு சொற்களைப் படித்தேன். அறியப்படவில்லையாம்! யாரிடம் கேட்டார்கள்?

பத்திரிகைக்கு எழுதி, அவர்கள் கொடுத்த எண்ணுக்குப் பேசி, ஒருவர் மற்றவரிடம் தள்ளிவிட, ஏழாவது அழைப்பில் அருங்காட்சியகத்தில் அந்தப் பொருள்களுக்குப் பொறுப்பான பெண் அதிகாரி கிடைத்தார். சிங்களவர், தமிழ் பழகியவர். பொறுமையாகக் கேட்டார்.

“அங்கிள், நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா எனக்கு ஒரு சாட்சி வேணும். பேப்பர், பழைய போட்டோ, ஏதாவது.”

“அம்மணி, அந்தக் குறியை இட்ட தகடே எங்களிடம் இருக்கிறது.”

“அப்ப நான் வந்து பாக்கிறேன். மாச முடிவுல கண்காட்சி லேபல் எல்லாம் பிரிண்டுக்குப் போகுது. அதுக்குள்ள சரி வந்தா உங்க தோட்டத்தப் போடுவேன். இல்லாட்டி இப்ப இருக்கிறதுதான்.”

தகடு இருந்தது என்பது பொய்யன்று. ஷீட் செய்வதை நிறுத்தி, இறப்பர்ப் பாலைப் பவுசர் என்கிற தொட்டி லொறியில் ஏற்றி வேறிடத்துக்கு அனுப்பத் தொடங்கியபோது பெக்டரியை மூடினார்கள். அன்று நாங்கள் அந்தத் தகட்டைக் கொண்டுபோய் ரோதைமுனி கோயிலில் வைத்தோம். பெக்டரியின் பெருஞ்சக்கரத்துக்குக் காவல் நிற்கும் சாமி அவர். ஆயுத பூசைதோறும் அந்தத் தகட்டுக்குச் சந்தனம் வைத்தவர்கள் நாங்கள். இயந்திரங்களைப் பழைய இரும்புக்கு ஏற்றிப் போனார்கள். தகடு சாமியிடம் தங்கியது.

அதிகாரி வரும் வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னதாகக் கோயிலுக்குப் போனேன். சாமியின் காலடியில், சுவரில் நான்கு திருகாணிகளால் இறுக்கிய ஒரு வெள்ளித் தகடு பளபளவென்று இருந்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வைரமும் இல்லை, புள்ளியும் இல்லை. கோயில் கமிட்டித் தலைவரை அழைத்துவரச் சொன்னேன். என்னைவிட இருபது வயது இளையவர். உறவுமுறையில் என்னை மாமா என்பார்.

“தலைவரே, தகட்டை என்ன செய்தீர்கள்?”

“பாத்தீங்களா மாமா? திருவிழாவுக்கு முந்தி செஞ்சது. ஓட்டை ஓட்டையா கெடந்துச்சு. மூளியான பொருளைச் சாமிக்கு முன்னால வைக்கலாமா? டவுன்ல வேன் ஒடுக்கெடுக்கிற டிங்கர் கடைக்காரர்கிட்ட குடுத்து, வேனுக்குப் பூசுற பட்டிப் பசையைப் போட்டு அடைச்சோம். மேல நாலு கோட் சில்வர் பெயிண்ட். கை வச்சுப் பாருங்க, மேடு பள்ளம் ஏதாச்சும் தெரியுதா?”

“அந்த ஓட்டைதானய்யா குறி! ஓட்டை இல்லையென்றால் அது வெறும் தகரம்.”

“குறிதானே வேணும்? பெயிண்டால வரஞ்சுடுவோம். மூனு புள்ளியும் ஒரே அளவா, அழகா.”

கிழிந்த அந்த மூன்றாவது புள்ளிதான் சாட்சி என்பதை எடுத்துச் சொன்னேன். பட்டியைச் சுரண்டி எடுக்க அனுமதி கேட்டேன். சாந்தி செய்து வைத்த பொருளை மறுபடி மூளியாக்குவதென்றால் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும் என்றார். பொதுக்கூட்டம் எப்போது என்றேன். அடுத்த மாதம் என்றார். லேபல் இந்த மாதம் அச்சுக்குப் போகிறது என்றேன்.

“சாமிக்கும் லேபலுக்கும் என்னா மாமா சம்பந்தம்?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். ஒரு புள்ளியை மட்டும் திறக்கலாமா என்று கேட்டேன். ஒரு புள்ளி திறந்தாலும் மூளி மூளிதான் என்றார். திருகாணியையாவது கழற்றலாமா என்று கேட்டதற்கு, வருகிற அதிகாரியின் கையில் கொடுத்துக் காட்டுவதற்கு மட்டும், வாழையிலையில் வைத்து, கோயில் வாசலைத் தாண்டாமல் காட்டலாம் என்று பெருந்தன்மையோடு இணங்கினார். எதைக் காட்டுவது? அவருடைய டிங்கர்காரரின் கைவண்ணத்தையா?

வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினேன். என் மனைவி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“கடலுக்கு அடியில அம்பது வருஷம் கெடந்திருக்கு, அழியல. நம்ம கோயில் கமிட்டி கையில குடுத்தீங்க, ஒரு திருவிழாவுல அழிஞ்சுருச்சு,” என்றாள்.

“நீ வேறு சிரிக்காதே.”

“நான் எங்க சிரிக்கிறேன்? கதவுக்கும் ஒரு கொண்டி போயிருச்சு, அதப் பாருங்க.”

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அதிகாரி வேனில் வந்து இறங்கினார். மழை விட்டு அட்டைகள் நெளிகிற நேரம். பாவம், காலுறைக்கு மேல் உப்புத்தூளைப் பூசிக்கொண்டு மேட்டில் ஏறினார். கையில், பேலிலிருந்த குறியை அதே அளவில் அச்சிட்ட ஒரு கண்ணாடித் தாள் இருந்தது. தகட்டின் மேல் வைத்துப் பொருத்திப் பார்ப்பதற்காக என்றார். நான் முன்னே நடந்து கோயிலுக்கு வழி காட்டினேன்.

தலைவர் தகட்டை வாழையிலையில் ஏந்திக்கொண்டு வந்தார். அதிகாரி குனிந்து பார்த்தார், வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார், விரலால் தடவினார்.

“அங்கிள், இதுல ஒரு மார்க்கும் இல்லையே.”

“இருந்தது, அம்மணி.”

“இருந்தது சரி. நான் எத வச்சு எழுதுறது?”

அவர் குரலில் இருந்தது இரக்கம். ஏச்சாக இருந்தால் தாங்கியிருப்பேன். தாளைச் சுருட்டத் தொடங்கினார். ஐம்பது ஆண்டு கடலில் கிடந்து மீண்டு வந்த என் கைவேலை, ‘அறியப்படவில்லை’ என்ற பெயரோடு இனிக் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியேறப் போகிறது என்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைவருக்கோ வேறு கவலை. வந்தவர் டிங்கர்காரரின் வேலையில் குறை சொல்லிவிட்டார் என்று எண்ணிவிட்டார்.

“என்னா மிஸ், நல்லாப் பாருங்க. ஒரு ஓட்டை விடல. முன்னால மட்டும் பூசி ஏமாத்துற ஆள் இல்ல அவரு. பின்னாலயும் பாருங்க, ஒழுங்கா அடைச்சிருக்கா இல்லியா?” என்று தகட்டைப் புரட்டிக் காட்டினார்.

பின்புறத்தில் யாரும் வெள்ளி பூசவில்லை. எவ்வளவு துடைத்தும் போகாத முப்பது ஆண்டு மை இறுகிக் கன்னங்கரேலென்று இருந்தது. அந்தக் கறுப்பின் நடுவில், துளைகளை அடைத்த பட்டி சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது: வைரம், அதனுள் புள்ளி, புள்ளி, வாலோடு ஒரு புள்ளி.

சனிக்கிழமைதோறும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்தத் தகட்டின் பின்புறத்தைத் துடைத்தவன் நான். மூன்று நாள் முன்புறத்தைப் பார்த்துச் சண்டை போட்டேனே தவிர, திருகாணியைக் கழற்றிப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைவர் மேல் இருந்த எரிச்சலில் பாதியை அக்கணமே என் மேல் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதிகாரி தாளைத் திரும்ப விரித்தார். பின்புறமாகையால் அதையும் புரட்டி, தகட்டின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். கோடு கோட்டின் மேல் உட்கார்ந்தது. கிழிசலும் கிழிசலின் மேல் உட்கார்ந்தது.

“ஹரி,” என்றார். சிங்களத்தில் ‘சரி’. பிறகு படம் எடுத்துக்கொண்டே கேட்டார்: “அங்கிள், இன்னொரு விசயம். மத்த பேல் எல்லாம் தனித்தனியா கிடந்துச்சு. குறியும் அழிஞ்சிருச்சு. இந்த ரெண்டு மட்டும் ஏன் ஒட்டிக்கிட்டுச்சு?”

இதற்கு விடை எனக்குத் தெரியும். தெரியாதென்று சொல்லியிருக்கலாம். அந்த மாதம் வெள்ளை மாவு வந்து சேரவில்லை. இருந்ததில் தண்ணீரைக் கூட்டிப் பூசி முடி என்று பெக்டரி ஐயா சொன்னார். நான் கூட்டினேன், கடைசிப் பேல்களுக்கு வந்தபோது அது கரைசலாகவே இல்லை, கழுவிய நீராகத்தான் இருந்தது. இதையெல்லாம் சொன்னேன். சாட்சி கேட்டு வந்தவரிடம் பாதி உண்மை சொல்வது முறையாகாது.

அவருடைய முகம் மலர்ந்தது. “அங்கிள், இதுதான் வேணும்! இதத்தான் ஒருத்தராலயும் சொல்ல முடியல!” என்று எழுதிக்கொண்டார்.

தலைவர் என் காதருகில் வந்து, “லேபல்ல சாமி பேரும் வருமா மாமா?” என்றார்.

கண்காட்சி திறந்து இரண்டு வாரம் கழித்து, அவிசாவளையில் ஒரு பஸ்ஸும் கொழும்பில் ஒரு பஸ்ஸும் மாறி, மனைவியோடு போய்ப் பார்த்தேன். எங்கள் பேல்கள் ஒரு மூலையில் இருந்தன. சீனத்து ஜாடிகளுக்கு நடு மண்டபம், அது எதிர்பார்த்ததுதான். பெட்டியின் கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில் இரண்டு வரிகள்: ‘இறப்பர் பேல்கள். ருவான்வெல்லைப் பகுதித் தோட்டமொன்றில் கட்டப்பட்டவை. மேற்பூச்சு போதியளவு இடப்படாமையால் ஒன்றோடொன்று ஒட்டி, குறி அழியாது எஞ்சியது.’

ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தேன். ஆசியக் கடல் வணிகத்தின் வரலாற்றில் கட்டியவனைப் பற்றி ஒரு வரி வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் குறைபட்டவனுக்கு வரி கிடைத்துவிட்டது. அது அவன் வேலையில் செய்த குற்றத்தைப் பற்றிய வரி. மாவு வராததும் பெக்டரி ஐயா சொன்னதும் அதில் இல்லை. இரண்டு வரியில் இடமிருந்திருக்காது.

“ஒழுங்கா பூசியிருந்தீங்கன்னா ஒங்கள ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது,” என்றாள் மனைவி.

பக்கத்தில் குடும்பத்தோடு நின்ற ஒருவர், தமிழ் பேசுகிற வியாபாரி போலிருந்தவர், லேபலை உரக்கப் படித்துவிட்டுத் தம் மனைவியிடம், “அந்தக் காலத்திலயும் இப்படித்தான் வேல பாத்திருக்கானுக,” என்றார்.

வரும்போதே யாரோடும் வாதம் வேண்டாம் என்று என் மனைவி சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் என் முழங்கையைப் பிடிப்பதற்குள் நான் அவரை நோக்கித் திரும்பிவிட்டேன்.

“ஐயா, ஒரு நிமிடம். அந்த மாதம் மாவு வரவில்லை,” என்று தொடங்கினேன்.