விரதத் தயிர்

சுகாசினி தயிர் ஐஸ் கடை போட்டபோது தெருவே சிரித்தது. தயிரைப் போய் யாராவது ஐஸாக்கித் தின்பார்களா என்று கேட்டது. ஆனால் ஆடி பிறப்பதற்குள் கதை மாறிப்போயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். கிண்ணத்தோடு உள்ளே வராதீர்கள் என்று பட்டுக்கடைகளில் பலகை மாட்டும்படி ஆயிற்று.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. தறிக்காரர் வீட்டுப் பெண்கள் ஆறு நாளும் சோறு தொடமாட்டார்கள். வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு குமரக்கோட்டம் முருகன் கோயிலைச் சுற்றுவார்கள். சுகாசினியின் மாமியார் கமலவேணியும் சுற்றினாள். மருமகள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கவேண்டும், அதுதான் வேண்டுதல். கல்லைத் துணியில் சுருட்டி மாமியார் இடுப்பில் முடிச்சுப் போட்டு விடுவது தினமும் சுகாசினிதான்.

சாயங்காலமானால் விரதக்காரிகளுக்குப் பாலும் பழமும். "தயிரு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? என் மருமக கையால உறைகுத்தினது, வாங்கடி" என்று எல்லாரையும் கடைக்கு இழுத்து வந்தாள் கமலவேணி.

"காலைல கல்லு, சாயங்காலம் ஐஸு. உன் வயித்துக்கு ஓய்வே இல்லக்கா" என்று பக்கத்து வீட்டுப் பொன்னி சிரித்துக்கொண்டே இரண்டாவது கிண்ணம் கேட்டாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கெட்டிப்பொடி தீர்ந்தது. தயிர் ஐஸ் உதிராமல் வழவழவென்று நிற்கப் போடுகிற பொடி அது. சென்னை வியாபாரி ஒருவர் வெறும் கவரில் கட்டி அனுப்புவார். சுகாசினி போன் போட்டாள்.

"ஜெலட்டின் வர ரெண்டு நாள் ஆவும்மா."

"அப்டின்னா?"

"நீ போடற பொடிதான்மா. மாட்டெலும்ப காய்ச்சி எடுக்கறது. நீ கேக்கவே இல்லியே?"

கேட்கவில்லைதான். உப்பு, சர்க்கரை மாதிரி அதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டாள். முட்டை வாங்கிய பையைக்கூட வாசற்படி தாண்டவிடாத வீடு அது.

மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் கமலவேணி ஈரப்புடவையோடு வந்து, கல் அழுத்திய இடத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்ததும் அந்தப் பொய் வாயில் வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

கமலவேணி எழுந்து குழாயடிக்குப் போனாள். வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள்.

"தெரிஞ்சா குடுத்தே?"

"இல்ல அத்த. சத்தியமா."

"அப்போ வாய மூடு. ஊருக்குத் தெரிஞ்சா குடும்பமே நாறிப்புடும்."

"அவங்களும் உங்கள மாதிரிதானே கல்லு கட்டிக்கினு சுத்தறாங்க?"

சுகாசினி மிஷினை அணைத்துவிட்டுக் கோயில் வாசலுக்குப் போனாள். வெளியே வந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். ஒருத்தி அங்கேயே காறித் துப்பினாள். ஒருத்தி அழுதாள். பொன்னி மட்டும், "இத்த சொல்லாமலே வுட்டிருக்கக் கூடாதா, பாவி?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கமலவேணி கல்லை எடுத்துக்கொண்டு பொன்னி வீட்டுக்குப் போனாள். பொன்னிக்குக் கட்டத் தெரியவில்லை. பிராகாரத்தில் முதல் திருப்பத்திலேயே துணி நெகிழ்ந்து கல் சரிந்தது. தூண் ஓரமாக நின்றிருந்த சுகாசினி ஓடிப்போய்த் தாங்கி, பின்னால் நின்று முடிச்சை இறுக்கினாள்.

கமலவேணி அவள் கையைத் தட்டிவிடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. முடிச்சு விழுந்ததும் நடந்தாள்.