சதுக்கத்துச் சுவரில் அண்ணன்

1303-ஆம் ஆண்டில் மெங்கோலோவுக்கு நாற்பத்திரண்டு வயது. அதில் கடைசி ஐந்து வருஷங்களை அவன் தன் அண்ணனின் தலைக்கு நேர்கீழே நின்று கழித்திருந்தான்.

இத்தாலியில் பொலோனியா நகரசபையின் அறிவிப்பாளன் அவன். பெரிய சதுக்கத்தில், சபை மாளிகையின் படிக்கட்டில் ஏறி நின்று கொம்பு ஊதுவான். யாரை நாடு கடத்தியிருக்கிறார்கள், யார் வீடு ஏலத்துக்கு வருகிறது, யார் கழுதை காணாமல் போயிற்று, எல்லாம் அவன் தொண்டை வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். அவனுக்கு மேலே, அந்த மாளிகைச் சுவரில், துரோகிகள் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோல் படங்கள் தீட்டியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் நாசிம்பெனே, மெங்கோலோவின் அண்ணன். எல்லைக் கோட்டையில் காவலுக்கு இருந்தவன், எதிரி நகரமான ஃபெராராவின் படைக்குக் கதவைத் திறந்துவிட்டு அவர்களோடேயே போய்விட்டான். ஆள் கையில் சிக்காததால் ஊர் அவன் படத்தைத் தூக்கிலிட்டது.

"மெங்கோலோ, கொஞ்சம் சத்தமா கத்துப்பா! மேல அண்ணனுக்குக் காது கேக்கலையாம்!"

"பாவம்யா, ரத்தமெல்லாம் தலைக்கு எறங்கிருக்கும். திருப்பி மாட்டுங்க!"

சந்தை நாளில் இது இல்லாமல் இருக்காது. மெங்கோலோ தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த அறிவிப்புக்குப் போவான். அவனுக்கு ஒரே ஆறுதல் மழை. ஐந்து குளிர்காலத்தில் அண்ணனின் முகம் கரைந்து வெறும் கறையாகிவிட்டது.

அந்த வசந்தத்தில் சபை ஒரு முடிவெடுத்தது: மங்கிய படங்களைப் புதுப்பிக்க வேண்டும், பார்த்தவுடன் ஆள் அடையாளம் தெரிய வேண்டும். அதையும் மெங்கோலோதான் அறிவித்தான்.

ஓவியன் ஸானெல்லோ வெளியூர், இமோலாக்காரன். நாசிம்பெனேயைப் பார்த்ததே இல்லை. சாரத்திலிருந்து இறங்கி மெங்கோலோவிடம் வந்தான்.

"உங்க அண்ணன் உன்ன மாதிரி இருப்பானா?"

உரித்துவைத்த மாதிரி இருப்பான். அதே பிதுங்கிய கண், அதே பிளந்த மோவாய்.

"இல்லீங்க. அவன் வேற ஜாடை."

"எப்படி?"

மெங்கோலோவின் கண் சதுக்கத்தில் அலைந்தது. எதிரே கடைக்காரன் தூரா டர்னிப் கிழங்கு அடுக்கிக்கொண்டிருந்தான். யார் வம்புக்கும் போகாத மனுஷன். "நீள மூக்கு," என்றான் மெங்கோலோ. "கீழுதடு தொங்கும். இடது புருவத்துல ஒரு மரு."

சாரம் பிரித்த அன்று சதுக்கமே நிமிர்ந்து பார்த்தது. தலைகள் ஒவ்வொன்றாகக் கிழங்குக் கடைப் பக்கம் திரும்பின. அப்புறம் வெடித்தது சிரிப்பு.

"தூரா! கோட்டைய எப்பய்யா வித்தே? எங்ககிட்ட சொல்லவே இல்லயே!"

அன்று தூராவும் சேர்ந்து சிரித்தான். அடுத்த சந்தையில் அவன் கடைக் கிழங்குகளை யாரோ தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கடுத்த சந்தைக்குத் தூரா தொப்பி வாங்கி வந்து, புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். படிக்கட்டிலிருந்து அதைப் பார்த்த மெங்கோலோவுக்கு வாசிக்க வேண்டிய வரி தப்பிப்போனது.

கடை கட்டும் நேரத்தில் தூரா அவனைத் தேடி வந்தான்.

"அண்ணே, ஒரு உதவி. வெளியூர்க்காரன் ஒருத்தன் என்னப் பாத்தான், மேல பாத்தான், எடுத்த கிழங்கத் திரும்ப வச்சிட்டுப் போயிட்டான். அந்தப் படக்காரனுக்கு எவனோ தப்பாச் சொல்லிருக்கான். அது நான் இல்லன்னு ஒருதடவ கத்திச் சொல்லிடேன். உன் தொண்டைய ஊரே நம்புதுல்ல."

மெங்கோலோ கொம்பைத் துடைக்கத் தொடங்கினான். "சபை உத்தரவு இல்லாம முடியாதுப்பா," என்று முணுமுணுத்தான். அதுவும் உண்மைதான். அது உண்மையாக இருந்ததுதான் இன்னும் கூசியது. தூரா தலையாட்டிவிட்டுப் போனான், ஒரு கட்டுக் கிழங்கைப் படியில் வைத்துவிட்டு.

அதை மெங்கோலோவால் தின்ன முடியவில்லை. சனிக்கிழமை காலை, சுவரின் மறுகோடியில் வேலை செய்துகொண்டிருந்த ஸானெல்லோவிடம் போய்த் தொப்பியைக் கழற்றினான்.

"அந்த மூஞ்சி தப்புங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"அடப்பாவி! காரை காஞ்சு கல்லாயிடுச்சு. மொத்தமும் கொத்தி எடுக்கணும்!"

"கொத்துங்க."

"கொத்திட்டு எவனப் பாத்து வரையறது?"

"என்னப் பாத்து."

ஸானெல்லோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப சாரத்துல ஏறு. பலகையில மல்லாந்து படுத்துத் தலையத் தொங்கவிடு. தலைகீழா இருந்தாத்தான் கன்னம் எப்படிச் சரியுதுன்னு தெரியும்."

சந்தை நிரம்பும் நேரம். பலகை விளிம்பில் தலை தொங்க, மெங்கோலோவுக்குச் சதுக்கம் முழுதும் கவிழ்ந்து தெரிந்தது: கூடைகள், கோழிகள், அண்ணாந்த முகங்கள். தொப்பி இல்லாமல் மறைக்க ஒன்றுமில்லை. "அங்கேருந்தே கத்தேன்டா மெங்கோலோ!" என்று யாரோ கூவ, சிரிப்பு பரவியது. தூரா மட்டும் சிரிக்கவில்லை. கையில் கிழங்கோடு மேலே பார்த்தபடி நின்றான். முதலில் புரியாமல் பார்த்தான், பிறகு புரிந்து பார்த்தான். பிறகு தன் தொப்பியைக் கழற்றிக் கூடைக்குள் போட்டுவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு கிழங்கை அடுக்கத் தொடங்கினான்.

அடுத்த சந்தை நாளில் மெங்கோலோ தன் முகத்துக்குக் கீழே நின்று கொம்பை ஊதி, தொலைந்துபோன ஒரு பழுப்புக் கழுதையைப் பற்றி அறிவித்தான்.