நின்று பார்க்கும் விளையாட்டு

என் மேசையில், மின்விசிறிக் காற்றுக்குக் கடதாசிகள் பறக்காமல் கரம் பலகையில் காய்களை அடிக்கும் ஸ்ட்ரைக்கர் ஒன்றை வைத்திருக்கிறேன். பால் வெள்ளை நிறம், ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அது என்னுடையதல்ல. கொட்டாஞ்சேனைப் பெண்கள் கரம் அணியின் கப்டன் விட்டுப்போனது.

நான் பொறியியல் படித்தவள். வெள்ளவத்தையிலிருந்து ஹெவ்லொக் டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்காகச் சில நாடுகள் சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொழும்பில் நடத்தும் விளையாட்டு விழாவின் செயலகம் எங்களுடையது. பத்து விளையாட்டுகளுக்கே இடம். கடந்த முறை ஒன்பது முடிவாகி, பத்தாவது இடத்துக்குக் கரமும் ஸ்குவாஷும் எஞ்சியிருந்தன. எதற்குப் புள்ளி கூடுதலோ அதைத் தெரிவுக் குழு எடுக்கும். புள்ளிப் படிவத்தைத் தயாரித்தவள் நான். வரக்கூடிய நாடுகள், நடுவர்கள், மண்டபம், பார்வையாளர் இருக்கைகள் என்று நான்கு நிரல்கள்.

மண்டபங்களையும் நானே போய்ப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் நான்கு பலகைகள். ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று வரிசை ஆட்கள், முன்னால் நிற்பவரின் தோளில் கைவைத்து எட்டிப் பார்த்தபடி. ஒரு பலகையில் கப்டன் குனிந்து குறிபார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை வேலை முடிந்து நேரே வந்திருந்தார். அவருக்கு இருபத்தொன்பது வயது. நாட்டின் சீருடையைப் போட அதுவே கடைசி வாய்ப்பு. அடுத்த விழாவுக்கு வயது கடந்துவிடும். இவ்வளவையும் பார்த்துவிட்டு, இருக்கைகள் என்ற இடத்தில் சைபர் எழுதினேன்.

ஒரு புள்ளியால் ஸ்குவாஷ் வென்றது. அன்று மதியம் கப்டன் அலுவலகத்துக்கு வந்து படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“இதில ஏன் தங்கச்சி எங்களுக்குச் சைபர்?”

“அங்க கதிரை இல்லைதானே அக்கா.”

“கதிரையில இருந்து பாத்தா கரமா தெரியும்? முன்னுக்கு இருக்கிற ஆளிட முதுகுதான் தெரியும்.” சிரித்தார். “நீங்களும் அண்டைக்கு நிண்டுதானே பாத்தீங்க, ஒரு மணித்தியாலம்?”

நான் படிவத்தை வாங்கி மேசையில் வைத்தேன். காற்றுக்குப் படிவம் எழும்பியது. கைப்பையிலிருந்து ஸ்ட்ரைக்கரை எடுத்து அதன்மேல் வைத்தார். “கிடக்கட்டும். கரத்தைச் சேர்க்கிற அண்டைக்கு வந்து எடுக்கிறன்.”

முடிவை நாடுகளுக்கு அறிவிக்கும் கடிதங்கள் நான்கு மணிக்குத்தான் போகவிருந்தன. முடிவை நிறுத்தக்கூடிய பணிப்பாளரின் அறை பத்து அடி தூரத்தில் இருந்தது. படிவம் பிழை என்று சொன்னால் எல்லா விளையாட்டுகளையும் திரும்பப் பார்க்கவேண்டி வரும். அந்தப் பிழையைச் செய்தவள் நான் என்பதும் எல்லாருக்கும் தெரியவரும். கூட்டலை மட்டும் மறுபடி சரிபார்த்தேன். கூட்டல் சரி. நான்கு மணிக்குக் கடிதங்களை அனுப்பினேன்.

இந்த முறை ‘பார்வையாளர் இருக்கைகள்’ என்ற நிரலின் தலைப்பை ‘பார்வையாளர்’ என்று மாற்றி, நிற்பவர்களையும் எண்ணினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கரம் ஏழாவது இடத்தில் வந்தது. கப்டனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

“நல்லம். எங்கட சின்னாக்கள் ரெண்டு பேர் நல்லா அடிக்கிறாங்க, அவங்களிட்டச் சொல்லுறன்.”

“ஸ்ட்ரைக்கர் இங்க இருக்கு அக்கா. எப்ப வாறீங்க?”

“எனக்கு இனி என்னத்துக்கு? உங்களிட்டயே இருக்கட்டும் தங்கச்சி. உங்கட ஃபேன் காத்துக்குப் பேப்பர் பறக்கும்.”

புதிய பட்டியல் மேசையில் இருக்கிறது. அதன்மேல் ஸ்ட்ரைக்கர். அதை எங்கே வைத்தாலும் ஏதோவொரு விளையாட்டின் பெயர் மறைகிறது. பக்கத்தின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறேன்.