எண்ணெய் எத்தனை ஸ்பூன்

என் ஓரகத்தி மெலிந்துகொண்டிருக்கிறாள் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் சிதம்பரம் கீழவீதி டெய்லர். பதினெட்டு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் அவரிடம் ஒரே அளவு ஜாக்கெட்தான். யார் துணி கொடுத்தாலும் அதை வைத்தே வெட்டுவார். கிறிஸ்துமஸுக்குத் தைக்கக் கொடுக்கப் போனபோது, "இந்த அளவு இனிமே உங்களுக்கு மட்டுந்தாம்மா. அவுங்க வேற அளவு குடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. துணியைக் கொடுக்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவர்கள் சிதம்பரத்தில், நாங்கள் கடலூர் செம்மண்டலத்தில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் குண்டு. புகுந்த வீட்டில் 'ரெண்டு அண்டா' என்றுதான் எங்களுக்குப் பேர். கூடிப் பேசிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்து இன்னும் இரண்டு அதிரசம் தின்போம். நான் ஒருத்தி மட்டும் அப்படி இருந்திருந்தால் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேன். கூட அவள் இருந்ததால் நானும் சிரித்தேன். அந்தக் குடும்பத்தில் எனக்கென்று இருந்தது அவள் மட்டும்தான்.

அவள் மெலிய நினைத்தது அழகுக்காக இல்லை. முட்டி தேய்ந்துபோயிருந்தது. அவள் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் வகுப்பு மூன்றாவது மாடி. பத்து கிலோ குறைத்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடனே போனில் ஒரு கலோரி ஆப்பை இறக்கிக்கொண்டாள். பணம் கட்டாத வகை. இட்லி தின்றால் இட்லி, டீ குடித்தால் டீ, எல்லாவற்றையும் அதில் போட்டுவிட வேண்டும். நாலு மாதத்தில் அஞ்சு கிலோ இறங்கிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெரிந்துதான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

முதலில் நானும் அதே ஆப்பை இறக்கினேன். மூன்று நாள் ஓடியது. தட்டில் என்ன இருந்தது என்று அது கேட்கிறது. நான் எங்கே தட்டில் சாப்பிடுகிறேன்? தாளிக்கும்போது ஒரு வாய், உப்புப் பார்க்க ஒரு வாய், எல்லோரும் எழுந்த பிறகு சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து நின்றபடியே நாலு வாய். கடைசியில் தட்டில் வைத்துக்கொண்ட இரண்டு கரண்டியை மட்டும் அதில் போட்டேன். 'நீங்கள் இன்று மிகக் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள்' என்று இங்கிலீஷில் அக்கறையாகச் சொன்னது. சனியனே என்று அழித்துவிட்டேன்.

தை மாதம் என் வீட்டுக்காரரின் ஆபீஸ் நண்பர் பெண்ணுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம். இரண்டு குடும்பத்துக்கும் பத்திரிகை. அன்றைக்குக் கோயில் மலைக்குக் கீழே எந்த மண்டபத்தைப் பார்த்தாலும் ஒரு மாப்பிள்ளை. அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தாள். மயில் கழுத்து நிறப் புடவை, புது அளவு ஜாக்கெட். நடையிலும் நொண்டல் இல்லை. பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்து, "இது யாரு, உங்க பொண்ணா?" என்றார்.

அவளுக்கும் எனக்கும் மூன்றே வயசுதான் வித்தியாசம். அவள் பதறிப்போய், "அய்யய்யோ, எங்க அக்காங்க இவுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "அந்தப் புள்ள நெனச்சா சாதிக்குது பாரு. நீயும் இருக்கியே" என்று ஒரே புகழாரம். எனக்கு வயிறு எரிந்தது. மெலிந்தவள் மேல் வந்த எரிச்சலா, என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறவள் மேல் வந்த எரிச்சலா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போறா பாரு, அவ மட்டும் போறா பாரு என்று மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தம்பி குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவது ரொம்ப வருஷத்துப் பழக்கம். மத்தியானம் என் சமையல். போகும்போது குழம்பு ஒரு தூக்கில், தொக்கு ஒரு டப்பாவில். பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறவள் என்பதால் வாரத்தில் பாதி நாள் அவர்கள் வீட்டில் என் குழம்புதான் ஓடும். அந்த ஞாயிறும் சாப்பிட உட்காரும் முன் போனை எடுத்தாள். எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"அக்கா, எண்ணெ எத்தன ஸ்பூன் ஊத்துனீங்க?"

அன்றைக்கு ஆறு ஊற்றியிருந்தேன்.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டுலயா இவ்ளோ ருசி! உங்க கைக்கு முத்தம் குடுக்கணும்க்கா" என்று சொல்லி, போனில் இரண்டு என்று போட்டாள். அவள் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் மனசு குளிர்ந்தது.

அப்புறம் தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் நாற்பது நாளும் கறி, மீன், முட்டை கிடையாது. கறியில் எண்ணெய் மேலே மிதந்து காட்டிக்கொடுத்துவிடும். கத்தரிக்காய் அப்படி இல்லை. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கும். பிஞ்சாகப் பார்த்து வாங்கி, நாலாகக் கீறி, நல்லெண்ணெயில் வதக்கு வதக்கு என்று வதக்கினேன். எட்டு ஸ்பூன் ஊற்றிவிட்டு இரண்டு என்றேன். தொக்கைக் கேட்டால், "அதுல என்னா இருக்கு, சும்மா காட்டுன எண்ணெ" என்றேன். ஜனங்கள் ஒருசந்தி இருந்து உடம்பை ஒடுக்குகிற நாளில் நான் இன்னொருத்தி உடம்பில் எண்ணெய் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

நடுவில் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். "பொய் சொன்னேன் சாமி, ஏழெட்டு வாட்டி" என்றேன். என்ன பொய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். முட்டி போட்டுச் சொல்லிவிட்டு, தீர்ந்தது என்று நிம்மதியாக வெளியே வந்தேன். அடுத்த ஞாயிறே "ரெண்டு ஸ்பூன்" என்றேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வருகிற குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, அவள் விட்டுப்போன தூக்கைக் கொடுக்கிற சாக்கில் சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தால், வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் தைலம். கண் சிவந்திருந்தது.

"ரெண்டு மாசமா எறங்கவே இல்லக்கா. ஒரு கிலோ ஏறியிருக்கு. வலி பழையபடி வந்துடுச்சு. டாக்டர் என்னா சொல்றாரு தெரியுமா? நீங்க திங்கறத மறைக்கிறீங்க, என்கிட்ட பொய் சொல்றீங்கன்னு நர்ஸுங்க முன்னாடியே சொல்றாரு. நான் ஒரு முறுக்கு தின்னாகூட போட்டுடறேன்க்கா. சத்தியமா ஒண்ணையும் மறைக்கல."

நான் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"எனக்கு என்னா தோணுதுன்னா, இந்த ஃப்ரீ ஆப்பு கணக்க சரியா போடல. பணம் கட்டுனா பிரீமியம் தர்றாங்க. எங்க தப்பு நடக்குதுன்னு அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லுமாம். ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டணும். நல்ல பட்டுப்புடவை வெல வருது. இவுரு திட்டுவாரு. நீங்க சொல்லுங்க. கட்டட்டுமா, வேணாமா?"

என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை "கட்டு" என்பதுதான். பழியை அந்த ஆப் சுமந்துகொள்ளும் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அந்தப் பக்கத்தைத் திறந்தாள். திறந்துகொண்டே, "ஆமாக்கா, ஆப்புதான் பொய் சொல்லுது. வேற யாரு சொல்லப்போறா?" என்றாள்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. போனைப் பிடுங்கிவிட்டேன்.

"கட்டாத. ஆப்புல ஒண்ணும் இல்ல. எண்ணெ ரெண்டு ஸ்பூன் இல்ல. ஆறு. தவக்காலத்துல எட்டு. தொக்குல எவ்ளோன்னு எனக்கே தெரியாது."

அவளுக்குப் புரியவில்லை. நான் கணக்குத் தெரியாமல் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தாள் போல. "பரவால்லக்கா, கை அளவுதான, யாருக்குத்தான்..." என்று என்னைச் சமாதானப்படுத்தவே ஆரம்பித்துவிட்டாள். அங்கேயே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

"தெரிஞ்சேதான் சொன்னேன்" என்றேன்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். எத்தனை ஞாயிறு என்று எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனாள்.

"ஏன்க்கா?"

"பொறாமைடி. வேற என்னா? அந்தக் கல்யாணத்துல உன்ன என் பொண்ணான்னு கேட்டா. நீ பாட்டுக்கு எளச்சுக்கிட்டே போற. நான் இங்கயே கெடக்கறேன். உனக்கு அப்பறம் நான் எதுக்கு?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், காலில்கூட விழுந்திருப்பேன். என் கையிலிருந்து போனை வாங்கினாள். பணம் கட்டுகிற பக்கத்தை மூடினாள். அந்தப் பணத்தை நான் கட்டுகிறேன், ஒரு வருஷத்துக்கு நானே கட்டுகிறேன் என்றேன். "வேணாங்க்கா. எங்க தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சுபோச்சே" என்றாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். அதில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

குருத்து ஞாயிறுக்கு அவர்கள் வரவில்லை. ஈஸ்டருக்கு வந்தார்கள். நான் சொன்ன எதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன் புருஷனிடம்கூட. கறிக்குழம்பு வைத்திருந்தேன். ஸ்பூனால் அளந்து, வாய்விட்டு எண்ணி ஊற்றினேன். சாப்பிட உட்காரும் முன் அவள் போனை எடுத்தாள். கேட்கவே மாட்டாள் என்று நினைத்திருந்தேன். கேட்டாள்.

"அக்கா, எண்ணெ எத்தன ஸ்பூன்?"

"மூணு" என்றேன்.

சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பரிமாறக் குனிந்தபோது அவள் போன் என் கண்ணில் பட்டது. ஒன்பது என்று போட்டிருந்தாள். அப்புறம் எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. முட்டி வலி குறைந்து மூன்று மாடியும் ஏறுகிறாள், இன்னும் இளைத்திருக்கிறாள், பார்க்கும்போது எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. வாராவாரம் கேட்கிறாள். நான் மூன்று என்கிறேன். அவள் ஒன்பது போட்டுக்கொள்கிறாள்.

மூன்றுதான் ஊற்றுகிறேன்.