குறையாத பானை

பானையில் கழுத்து வரை தண்ணீர் இருந்தது. மாலை ஐந்து மணி. காலை ஒன்பதரைக்கு நிரப்பியபோது இருந்ததைவிட இரண்டு விரற்கடை கீழே. அதுவும் பானைக்கு வெளியே கசிந்த தண்ணீர், யாரும் குடித்ததல்ல. சித்திரை மாதத்துத் திருவண்ணாமலையில், மலை பகலெல்லாம் சூட்டை வாங்கி ஊர்மேல் திருப்பி அனுப்புகிற நாட்களில், பதினான்கு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் குடிதண்ணீர்ப் பானை குறையாமல் நிற்பது தானாக நடக்கக்கூடியதல்ல. அதை நடத்த வேண்டும். நடத்தியவர்களில் நானும் ஒருவன்.

வேங்கிக்காலில் நான் இருக்கும் நகரின் குடியிருப்போர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. கோடையை வரவேற்கும் எளிய பழக்கங்கள் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "நீங்க பழைய ஆளு சார். மண்பானை, வெட்டிவேருன்னு உங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு பக்கம் போதும்" என்றார் செயலாளர். தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொருவருடையது. அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பினோம். குறிப்புகளை மட்டும் தனியே பிரித்துத் தர என்னால் முடியாது. போடுவதென்றால் முழுவதையும் போடட்டும்.

ஐம்பதுகளின் கடைசி. மலையடிவாரத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் இயங்கிய சர்க்கார் அலுவலகத்தில் நான் கிளார்க். எந்தத் துறை என்பது முக்கியமில்லை. கோடைக்கு மூன்று மாதம் ஒரு தண்ணீர் ஆளை வைத்துக்கொள்ள விதி இருந்தது. பதிவேட்டில் அந்தப் பணியிடத்தின் பெயர் 'வாட்டர்மேன்'. நான்கு கோடைகளாக அதில் இருந்தவர் ஒரு பெண். விதி இதில் எந்த முரணையும் காணவில்லை. நாங்கள் தண்ணியம்மா என்று கூப்பிட்டோம். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். மலைக்கு மறுபக்கம் உள்ள அடி அண்ணாமலைக் கிராமத்திலிருந்து மலையைப் பாதி சுற்றி நடந்து வருவார். கல் உடைக்கப் பெங்களூர்ப் பக்கம் போன கணவர் திரும்பவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். மீதி ஒன்பது மாதமும் களையெடுப்பு, அறுப்பு, அதுவும் இல்லாவிட்டால் ரோட்டு ஜல்லி. இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்று எங்களில் ஒருவனும் அப்படிச் சொன்னதில்லை.

அவருக்குக் கோடை மாசிக் கடைசியிலேயே தொடங்கிவிடும். புதுப் பானையை வாங்கியவுடன் குடிதண்ணீர் ஊற்றிவிட மாட்டார். ஒரு நாள் முழுக்கத் தொட்டியில் அமுக்கி வைப்பார். பிறகு அரிசி கழுவிய நீரை நிரப்பி இரண்டு நாள் விட்டு, கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் கவிழ்ப்பார். சாம்பலைக் கிட்டவே சேர்க்கமாட்டார். போன வருஷத்துப் பானை நன்றாகத்தானே இருக்கிறது, புதிது எதற்கு என்று எங்கள் டவாலிச் சேவகர் கேட்டார். "பாக்கறதுக்கு நல்லாத்தான் கீது. மண்ணுல கீற பொடிக் கண்ணு அடஞ்சிபோச்சி. இனிமே வேர்க்காது. வேர்க்காத பானையில தண்ணி எங்கருந்து குளிரும்?" கிணற்று நீர் கலங்கி வரும் நாட்களில் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டு ஊற்றுவார், மத்தியானத்துக்குள் அடி தெரியும். பானைக்குக் கீழே ஒரு சாண் ஆற்றுமணல், அது காயவே கூடாது. பானையை மூலையில் நல்ல இருட்டாகப் பார்த்து வைக்கச் சொன்னது நான்தான். "நெழலு மட்டும் போதாது சார், காத்து வரணும். இல்லாட்டி தண்ணி சும்மா குந்திக்கினு இருக்கும்" என்று காற்று வரும் வழிக்குத் தூக்கிக்கொண்டு போனார். வெட்டிவேரை வெள்ளைத்துணியில் முடிந்து பானைக்குள் போடுவார். மூன்று நாளைக்கு ஒருமுறை எடுத்து வெயில் காட்டாவிட்டால் அது ஊசிப்போகும். ஜன்னல்களில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிகளுக்குத் தண்ணீரை வாரி அடிக்கமாட்டார், மேல் விளிம்பிலிருந்து வழியவிடுவார். மலர் வாசகர்கள் இதையெல்லாம் அப்படியே செய்யலாம். பலன் உண்டு.

சர்க்காரின் கோடை இப்படித் தொடங்குவதில்லை. அதற்கு அன்றைய ஜில்லாத் தலைநகரான வேலூரிலிருந்து உத்தரவு வரவேண்டும். அதற்கு முன்னால் வியர்ப்பது முறையாகாது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் கோயிலில் சுவாமிக்கு மேலே தாராபாத்திரம் கட்டிவிடுவார்கள். சொட்டுச் சொட்டாகக் குளிர்ந்த நீர் விழுந்துகொண்டிருக்கும். அதற்குப் பஞ்சாங்கம் போதும். எங்களுக்குச் சில வருடம் உத்தரவு வரும்போது சித்திரையில் பாதி போயிருக்கும். தண்ணியம்மா பங்குனி உத்திரத்துக்கு மறுநாளே ஒரு பானையைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். உள்ளே எங்களுக்கு ஒன்று, வராந்தாவில் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று.

அந்தப் பானைகளால்தான் ஒரு தப்பு நடந்தது. முதல் வருடம் அவரை வேலைக்குச் சேர்த்த அதிகாரி வெளியூர்க்காரர், சீக்கிரமே மாற்றலாகிப் போய்விட்டார். பானையோடு வந்து நின்ற பெண்ணைக் குயவர் வீட்டுப் பெண் என்று அலுவலகம் தானாகவே தீர்மானித்துக்கொண்டது. யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துகொள்வதில் எங்கள் எல்லோருக்கும் தேர்ச்சி உண்டு. அவரும் பொய் சொல்லவில்லை. நான்கு கோடை அந்தத் தண்ணீரைக் குடித்தோம், இவ்வளவு ருசியான தண்ணீர் ஊரில் இல்லை என்று விருந்தாளிகளிடம் பெருமை அடித்துக்கொண்டோம்.

நான்காவது கோடையில் எங்கள் அலுவலகத்தில் கடைநிலை இடம் ஒன்று நிரந்தரமாகக் காலியானது. பெருக்குவது, தண்ணீர் எடுத்து வைப்பது. சேதி தண்ணியம்மாவின் காதுக்கும் போயிருந்தது. ஒரு நாள் தட்டியை நனைத்துக்கொண்டே கேட்டார். "ஏன் சார், சர்க்காருக்கு வருஷத்துல மூணு மாசந்தான் தாகம் எடுக்குமா?"

சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது தாகத்தைப் பற்றியல்ல, மீதி ஒன்பது மாதத்துச் சோற்றைப் பற்றி. மனுவை நானே எழுதித் தருவதாகச் சொன்னேன். விதிகள் எனக்கு மனப்பாடம். எந்த இணைப்பு வேண்டும், எந்தப் படிவத்தில் வேண்டும், எதை விட்டால் வேலூரில் திருப்பி அனுப்புவார்கள் என்பதெல்லாம் தெரியும். படிவத்தில் 'சாதி' என்று ஒரு கலம் இருந்தது. கேட்டேன். அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"எழுதணுமா சார்?"

"எழுதினாத்தாம்மா உனக்கு நல்லது. உங்களுக்குன்னு தனியா ஒதுக்கீடு இருக்குது."

"எழுதினா வேல வருமா? இல்ல, இருக்கறதும் பூடுமா?"

"ரூலு உன் பக்கம்மா. நான் சொல்றேன் இல்ல?"

சொன்னார். எழுதினேன். தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உள்ள சாதி. என் கையெழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். அந்தக் கலத்தை யாரும் படிக்கத் தவறியிருக்க முடியாது. கோப்பு என் மேஜையிலிருந்து ஹெட் கிளார்க் மேஜைக்குப் போனது. ஒரு முற்பகலுக்குள் மற்ற மேஜைகளும் அதைப் படித்துவிட்டன. அவற்றில் பாதி மேஜைகளுக்கு அந்தக் கோப்போடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

மறுநாள் ஹெட் கிளார்க் வீட்டிலிருந்து பித்தளைக் கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்தார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். அடுத்த நாள் ஆறு பேருடைய வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பதின்மூன்று கூஜா. சண்டை இல்லை, ஏச்சு இல்லை. தண்ணியம்மா நனைத்த தட்டி வழியாக வந்த குளிர்ந்த காற்றை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை தண்ணியம்மா பானைக்குள் பார்த்துவிட்டு, "இன்னா சார், இன்னிக்கி வெயிலு கம்மியா?" என்று பொதுவாகக் கேட்டார். எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் கேட்கவில்லை. தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றிவிட்டு, மேஜைகளின் மேல் இருந்த கூஜாக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அப்போது இன்னும் பானையில்தான் குடித்துக்கொண்டிருந்தேன். அது மூன்று நாள் நீடித்தது. மூன்றாம் நாள் ஹெட் கிளார்க் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். குரலை உயர்த்திப் பேசியறியாதவர். "தம்பி, உனக்கு இன்னும் பொண்ணு பாக்கல இல்ல? இது சின்ன ஊரு. நாலு பேரு நாலு விதமா விசாரிப்பாங்க. நான் ஒண்ணும் சொல்லல." அவ்வளவுதான் சொன்னார். நான்காம் நாள் என் மேஜையிலும் கூஜா இருந்தது. அன்று மாலைதான் பானை கழுத்து வரை நின்றது.

தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதன் நகலை ஊசி நூல் கொண்டு கோப்பில் தைத்தவனே நான்தான். ஹெட் கிளார்க்குக்கும் அது நினைவிருந்தது. "சட்டம் கிட்டம்னு எதுவும் வந்துடக் கூடாது. நீதான் ரூலு தெரிஞ்சவன். அழகா ஒரு நோட்டு போடு" என்றார். போட்டேன். பணியாளர்கள் தத்தமக்கு வேண்டிய குடிநீரைத் தாமே கொண்டுவருவதாலும், அலுவலகப் பானையில் தண்ணீர் செலவாகாமல் மீந்துபோவதாலும், கோடைகாலத் தண்ணீர் ஆளும் தேவையில்லை, காலியான கடைநிலை இடத்தில் தண்ணீர் எடுக்கும் வேலையும் தேவையில்லை. பெருக்க மட்டும் ஆள் போதும், அதற்கு டவாலியின் மைத்துனன் இருக்கிறான். அதில் பொய் என்று ஒரு வார்த்தையைக் காட்ட முடியாது. பானை மீந்ததை அளந்தே எழுதினேன்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. வராந்தாப் பானை தினமும் இரண்டு முறை காலியானது. கிராமங்களிலிருந்து நடந்து வருகிறவர்களுக்குக் கோப்பு தெரியாது, தாகம் மட்டும் தெரியும். வேலூரில் யாராவது அதைக் கேட்டால் என்ன பதில் என்று ஹெட் கிளார்க் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "அனுமதி உத்தரவுல 'பணியாளர் உபயோகத்துக்கு'ன்னுதான் சார் இருக்குது. பொதுஜனம் அதுல வராது." யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். பெண் கிடைக்காமல் போகுமே என்ற பயம் கூஜாவுக்குக் காரணமாக இருக்கலாம், இதற்கு அது காரணமல்ல. ஒரு ஓட்டை தெரிந்தது, அதை அடைக்கத் தெரிந்தது, அடைத்தேன். ஹெட் கிளார்க் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டல் அன்று எனக்கு இனித்தது. இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஹெட் கிளார்க் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார். நானும் பதவி உயர்ந்து, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன். இருவரைப் பற்றியும் விதி பிறழாதவர் என்று மேடையில் பேசினார்கள். சத்தியமான வார்த்தை.

அடுத்த வருடம் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் தண்ணியம்மா வந்தார். தலையில் ஒரு பானை, இடுப்பில் ஒரு பானை. இரண்டும் ஊறவைத்துக் காயவைத்துப் பழக்கிய பானைகள். ஒருவரை நியமிக்கத்தான் உத்தரவு அனுப்ப வேண்டும், நியமிக்காமல் இருப்பதற்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆகவே அவருக்கு யாரும் கடிதம் போட்டிருக்கவில்லை.

"இந்த வருஷம் பானை கெடையாதும்மா. தேவையில்லன்னு ஆர்டர் ஆயிடுச்சி" என்றார் ஹெட் கிளார்க், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

"பெரிய வேல மனு இன்னா ஆச்சி சார்?"

"அதுவும் அதுலயே முடிஞ்சிபோச்சி."

அவர் பானைகளை இறக்கி வைத்தார். அழுவார் என்று பயந்தேன். மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் எதிரில் நின்றார்.

"பித்தள சார். பத்து மணிக்கெல்லாம் தண்ணி கொதிக்கும். ஈரத்துணி சுத்தி வைங்க." கொஞ்சம் நிறுத்தி, "துணிய நனைக்க ஒரு ஆளு வேணும்னு எழுதிப் போடுங்க. உங்களுக்குத்தான் அழகா எழுத வருமே" என்றார்.

பானைகளை மறுபடி தலையிலும் இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் மனுவோடு உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி, பானையைப் பார்த்ததும் எழுந்து, "தண்ணி கீதாம்மா?" என்று கேட்டது உள்ளே கேட்டது.

"இது காலி பானைங்க. உள்ள பதினாலு கூஜா கீது, போய்க் கேட்டுப் பாருங்க."

அந்த விவசாயி ஜன்னலருகே வந்து நின்றார். எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தோம். பதினோரு மணி வாக்கில் எனக்குத் தாகம் தாங்கவில்லை. கூஜாவைத் தொட்டேன், சுட்டது. கைக்குட்டையைக் கிணற்றடியில் நனைத்து வந்து சுற்றி, காற்று வரும் வழியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் குளிர்ந்தது. தண்ணியம்மா சொன்னது எதுவும் தவறியதில்லை. ஜன்னலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு குடித்தேன். அந்த விவசாயி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.