நீல மையில் ஓசெல்லா

ஸ்பீக்கர் இருமியது.

கரகரத்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது கரகரப்பு இல்லை. வயதான ஒருத்தி பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வாளே, அந்தச் சத்தம். பிளேயர் ஓடவில்லை. அதன் மேல் இசைத்தட்டு எதுவும் இல்லை. முள் அதன் கொக்கியில் சும்மா கிடந்தது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது...

இது நடந்தது. பேய்க் கதை சொல்கிறவர்கள் முதலில் பெற்ற தாய் மேல் சத்தியம் செய்வார்கள். அந்த ஆட்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். நான் எதன் மேலும் சத்தியம் செய்யப் போவதில்லை. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுச் சமையல் குறிப்பைப் படிக்கலாம்.

சிகாகோவின் தெற்குப் பக்கம், எழுபத்தைந்தாவது தெருவில் என் கடை. பழைய ஜாஸ், சோல் இசைத்தட்டுகள். என் பெயர் எல்ராய். முப்பது வருடமாக இதே வேலை. இசைத்தட்டு சேர்க்கிறவர்களைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: அவர்களுக்குப் பாட்டுப் பிடிக்காது. இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி ஒருவன் வருவான். ஜப்பானிலிருந்து இன்னொருவன். தட்டை விளிம்பில் பிடித்து, விளக்குக்குக் கீழே சாய்த்து, கீறல் தேடுவான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல. ஒரு வரி கூடக் கேட்க மாட்டான். வாங்கியதும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில் போட்டு, இருட்டில் வைத்துவிடுவான்.

இவர்களில் எல்லாம் மட்டம் டாக்டர் லூஷியஸ் பெட்டிஃபோர்ட். உண்மையிலேயே பல் டாக்டர். எங்கள் கறுப்பின ஆள்தான், எங்கள் தெருவில் வளர்ந்தவர்தான். ஆனால் இப்போது ஏரிக்கரையில் வீடு. தட்டுகளுக்கென்று தனி அறை. அதில் கோடையிலும் குளிரிலும் ஒரே வெப்பநிலை. அவருடைய சொந்த அம்மாவுக்கு அப்படி ஓர் அறை கொடுத்ததில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். விட்மோர் என்று ஒரு குட்டிக் கம்பெனி. அறுபதுகளின் தொடக்கத்தில் இதே ஊரில், ஒரு முடிவெட்டும் கடையின் பின்னறையில் நடந்தது. மொத்தம் இருபத்து மூன்று தட்டுகள் போட்டுவிட்டுச் செத்துப் போனது. அவரிடம் இருபத்திரண்டு. என்னிடமும் இருபத்திரண்டு. கடைசித் தட்டு இருவரிடமும் இல்லை. அது யாரிடம், கறை இல்லாமல், முதலில் வந்து சேர்கிறதோ அவன்தான் ராஜா. மற்றவன் சாகும்வரை இரண்டாவது ஆள்.

1999, பிப்ரவரி. ஞாயிற்றுச் சந்தையில், கார்ச் சக்கர மூடி விற்கிறவனின் காலடியில் ஒரு ஷூ பெட்டி.

"இதுல என்னப்பா இருக்கு?"

"பாட்டுத் தட்டு. வேணும்னா எடுத்துக்க. வேணாம்னா உதைச்சுத் தள்ளிட்டுப் போ. என் கால்ல இடிக்குது."

பெட்டியில் ஏழாவதாக அது இருந்தது. மஞ்சள் லேபிள். விட்மோர். இருபத்து மூன்று. நான் கொட்டாவி விட்டேன். வேண்டா வெறுப்பாக ஒரு டாலரை நீட்டினேன். இந்த நடிப்பை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காரில் உட்கார்ந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. லேபிளின் குறுக்கே, நீல மையில், ஒரு பெயர்.

ஓசெல்லா பிரூயிட்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் சனிக்கிழமை விருந்துக்குப் போகும்போது ஆளுக்கு நாலு தட்டு கொண்டுபோவார்கள். எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். விடியும்போது யாருக்கும் கண் நிற்காது. அதனால் லேபிளில் பெயர் எழுதிவிடுவார்கள். தட்டு வீடு திரும்ப வேறு வழி இல்லை. என் அம்மாவும் எழுதியிருக்கிறாள். ஆனால் சேர்க்கிறவன் கண்ணில், பேனா பட்ட தட்டு மூக்கறுந்த மூளி. லூஷியஸ் பார்த்தால் சிரித்தே என்னைக் கொன்றுவிடுவார்.

இருந்தும் அன்று மாலை அவருக்குப் போன் போட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"டாக்டர். இருபத்து மூணு கிடைச்சிருச்சு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.

"பொய் சொல்லாதடா எல்ராய். வயசுக்கு அழகில்ல."

"சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க. மறக்காம மூக்குக் கண்ணாடி எடுத்துட்டு வாங்க."

"லேபிள் எப்படி?"

"பிறந்த குழந்தை மாதிரி."

சொல்லியாகிவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டியது. ஒரு ஈ, காக்கை கூடக் கடைக்கு வரவில்லை. பொரித்த மீனும் ரொட்டியும் தின்றேன். கையைக் கழுவினேன். கதவைப் பூட்டினேன். லைட்டரில் ஊற்றும் பெட்ரோல் ஒரு குப்பி, பஞ்சு சுற்றிய குச்சி ஒரு கட்டு. நூறு தட்டுகளில் நூறு பெயர்களை இப்படித் துடைத்திருக்கிறேன். அச்சு மை போகாது, பேனா மை மட்டும் வந்துவிடும். கை பழக வேண்டும், அவ்வளவுதான்.

அழகான எழுத்து. உருண்டை உருண்டையாக, அவசரமில்லாத ஓர் இளம் பெண்ணின் எழுத்து. கடைசி எழுத்தின் வாலைச் சுழித்து ஒரு பூ கூடப் போட்டிருந்தாள். என்ன திமிர் பார், என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன்.

பஞ்சு நீலமானது. பெயர் மங்கியது. போயே போய்விட்டது.

அப்போதுதான் ஸ்பீக்கர் இருமியது.

திரும்பிப் பார்த்தேன். பிறகு பேச்சு. மிக மெதுவாக, சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது போல. ஒரு பெண் குரல் எதையோ சொன்னது. இன்னொரு குரல் அதையே திருப்பிச் சொன்னது. மறுபடி முதல் குரல். மறுபடி இரண்டாவது குரல். ஒன்றாம் வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுப்பார்களே, அப்படி. வார்த்தை புரியவில்லை.

நான் சிரித்தேன். பழைய ஆம்ப்ளிஃபயர், தெருவில் போகிற டாக்சியின் ரேடியோவை இழுக்கும். இதற்குப் பயப்படுகிறவன் பழைய சாமான் விற்கவே கூடாது. சுவிட்சை அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

பேச்சு நிற்கவில்லை...

இன்னும் நாலைந்து தடவை சொல்லி, திருப்பிச் சொல்லி, அதுவாகவே அடங்கியது. உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும், வடிய நேரமாகும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். படித்தவன் பேச்சு மாதிரியே இருந்தது.

மேஜைக்குத் திரும்பினேன்.

லேபிளில் பெயர் இருந்தது.

நீல மை. ஓசெல்லா பிரூயிட். ஆனால் உருண்டை எழுத்து இல்லை. பூ இல்லை. சாய்வான, அழுத்தமான, நடுத்தர வயதுப் பெண்ணின் எழுத்து. மளிகைக் கடையில் காசோலைக்குக் கையெழுத்துப் போடுவது போல.

அடியில் ஊறிய மை மேலே வந்திருக்கிறது. வேறென்ன. இந்த வேலையில் எனக்குத் தெரியாத ரசாயனமா? புதுக் குச்சி எடுத்தேன். இந்த முறை பெட்ரோலைத் தாராளமாகவே தொட்டேன். இடது கட்டை விரலால் லேபிளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

லேபிள் சூடாக இருந்தது.

விளக்குக்குக் கீழே வைத்த சூடு இல்லை. காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டால் இருக்குமே, அந்தச் சூடு. கொஞ்சம் ஈரம். கொஞ்சம் மெத்து.

துடைத்தேன். பெயர் போனது.

உடனே பேச்சு. இருமல் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. முதல் குரல் வேகமாக, பதறிக்கொண்டு சொன்னது. இரண்டாவது குரல் யோசித்தது. தடுமாறியது. பாதி சொன்னது. மறுபடி முதலிலிருந்து...

நான் பின்பக்கம் போய் மின் கம்பியையே பிடுங்கினேன்.

பேச்சு நிற்கவில்லை.

நான் கண்ணை எடுக்காமல் லேபிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளில் நீலம் கசிந்தது. ஒவ்வொரு எழுத்தாக. நடுங்கி நடுங்கி. கோடு கோணலாக. பேனாவைப் பிடிக்கவே சிரமப்படுகிற ஒரு கிழவியின் கை.

ஓசெல்லா...

பிரூ...

டம். டம். டம்.

கடைக் கதவு.

"எல்ராய். திறடா. பனியில நிக்கிறேன். என் ஷூவோட விலை உன் கடைய விட ஜாஸ்தி."

மணி நாலடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. சீக்கிரமே வந்து என்னை அசிங்கப்படுத்துவதுதான் அவர் வழக்கம்.

"ஒரு நிமிஷம் டாக்டர்."

"என்னடா பண்ற? குழந்தைக்குப் பவுடர் போடுறியா?"

வேறு எவனாக இருந்தாலும் தட்டைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். நான், வெளியே நிற்கிற லூஷியஸை நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தேன். குப்பியைக் கவிழ்த்து நேராக லேபிளில் ஊற்றினேன். பஞ்சு வேலைக்காகவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

மை பிடித்துக்கொண்டது.

இன்னும் அழுத்தினேன். அது தோல் மாதிரி சுருங்கியது.

சுரண்டினேன்.

வந்துவிட்டது.

கைக்குட்டையால் ஒற்றி எடுத்தேன். கதவைத் திறந்தேன். தொப்பியில் பனியோடு லூஷியஸ் உள்ளே வந்தார். வந்தவர் அப்படியே நின்றார்.

"யாருடா அது? மாடியில யாராச்சும் பாடம் சொல்லிக் கொடுக்கிறாங்களா?"

அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"டாக்சி ரேடியோ, டாக்டர்."

"டாக்சியில எவடா இப்படி அழுவா?"

"உங்க கிளினிக்குக்கு வர்றவளா இருக்கும். பில்லைப் பார்த்திருப்பா."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. இப்போது ஒரே குரல்தான் கேட்டது. முதல் குரல். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கெஞ்சி, கத்தி, அழுதது. பதில் வரவில்லை.

இரண்டாவது குரல் பேசவே இல்லை.

பிறகு... பட்டென்று நின்றது.

லூஷியஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச். கண்ணாடி. குனிந்தார். சொத்தைப் பல்லைத் தேடுகிற அதே முகம். லேபிளில் ஒன்றுமில்லை. மஞ்சள். சுத்த மஞ்சள். ஒரு சுவடு கூட இல்லை.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல," என்றார். அந்த வாயிலிருந்து அதைக் கேட்க நான் பதினெட்டு வருடம் காத்திருந்தேன்.

தட்டை எடுத்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இது ஏன்டா இப்படிச் சில்லுனு இருக்கு?"

"பனிக்காலம் டாக்டர்."

அவர் அதை மறுபடி தொடவில்லை. போட்டுக் காட்டு என்றும் கேட்கவில்லை. காபி வேண்டாம் என்றார். ஷூ கயிறு அவிழ்ந்ததைக் கூடப் பார்க்காமல் பனியில் இறங்கிப் போனார். தோற்றவன் நடை, என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பெயர் திரும்பி வரவில்லை. அன்று வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் ராஜா.

ராஜாவுக்கு ஆசை விடுமா? விட்மோர் தட்டு ஒன்று வைத்திருந்தவள் இன்னும் நாலு வைத்திருக்க மாட்டாளா? டெலிபோன் புத்தகத்தைப் புரட்டினேன். சிகாகோ முழுவதற்கும் அந்தப் பெயரில் ஒருத்திதான். மார்ச் முதல் வாரம் நல்ல கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் வெர்டெல், ஓசெல்லாவின் மகள். பழைய தட்டு இருந்தால் நல்ல விலை தருவேன் என்றேன்.

"இப்பதான் வர்றீங்களா சார்? கீழ்த்தளத்துல தண்ணி பூந்துருச்சு. ஜனவரியில எல்லாத்தையும் பழைய சாமான் வண்டிக்காரன்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டேன். உள்ள வாங்க, குளிருது."

வயிற்றெரிச்சலோடு உள்ளே போனேன். ஜன்னலோரம் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கிய வயது. தலை அழகாகச் சீவி, இஸ்திரி போட்ட கவுன், மடியில் இரண்டு கைகள். ஒருவேளை தட்டுகளை யாருக்காவது இரவல் கொடுத்திருப்பார், விசாரிக்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

"மிஸ் ஓசெல்லா, சௌக்கியமா இருக்கீங்களா?"

அவர் திரும்பவில்லை. இமை கூட அசையவில்லை.

"அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க சார்," என்றாள் வெர்டெல். "திரும்ப மாட்டாங்க."

"காது கேக்காதா?"

"காது நல்லாக் கேக்கும். 'அம்மா'ன்னா திரும்புவாங்க. சர்ச் பாட்டுக் குழுவுல நாப்பது பேர். அத்தனை பேர் பேரும் இன்னிக்கும் சொல்லுவாங்க. டாக்டருங்களே தலையச் சொறியிறாங்க."

அந்த முதல் குரல். பதறிய குரல், கெஞ்சிய குரல். அது என் எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தது.

"எப்ப இருந்து?"

"போன மாசம் ஒரு சனிக்கிழமை, காலையில இருந்து பனி கொட்டுச்சே, அன்னிக்கு. மத்தியானம் நல்லாச் சாப்பிட்டாங்க. லேசா இருமினாங்க. என்னைப் பார்த்து, 'என் பேர் என்னடி?'ன்னாங்க. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், அவங்களும் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல மறுபடியும் போயிருச்சு, மறுபடியும் சொல்லிக் கொடுத்தேன், பாவம், திக்கித் திக்கிச் சொன்னாங்க. மூணாவது தடவை போனப்ப நான் தோளைப் புடிச்சு உலுக்கி, கத்தி, அழுது, விடாமச் சொல்லிக்கிட்டே இருந்தேன் சார்... எங்கம்மா என் கண்ணைத் தொடைச்சு விட்டு, 'அழாதடி, யாரு அந்த ஓசெல்லா, உனக்கு ரொம்ப வேண்டியவளா?'ன்னு கேட்டாங்க."